ஆர் சொன்ன செய்தி? மாதோட்டக் கரையிலிருந்து சில ஊடகச் சொற்கள்

திருக்கேதீஸ்வரம் கோயிலை அண்டிய மாந்தை மேட்டுக்குப் பாளி நூல்களில் மகாதித்த என்று பெயர், தமிழில் மாதோட்டம். 1980களின் தொடக்கத்தில் ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் அங்கே அகழ்ந்தபோது மேற்காசியாவின் மெருகிட்ட மட்பாண்டங்களும் சீனப் பீங்கான்களும் ஒரே மண்ணுக்குள் கிடந்தன. பாரசீக வளைகுடாவின் பொருளும் சீனத்துப் பொருளும் கைமாறிய துறை அது. பதினோராம் நூற்றாண்டளவில் துறைமுகம் ஓய்ந்தது. ஆனால் கைமாற்றும் தொழில் இந்தக் கரையை விட்டு ஒரேயடியாகப் போய்விடவில்லை. 1850களின் இறுதியில் இலங்கையை இந்தியாவோடு இணைத்த தந்திக் கம்பி மன்னார் வழியாகவே கடல் கடந்தது. 1914இல் தலைமன்னார் ரயில் பாதை திறந்தது. தனுஷ்கோடிக் கப்பலில் வந்த தபால் மூட்டைகள் திருக்கேதீஸ்வரத்தைக் கடந்துதான் கொழும்புக்குப் போயின. முன்பு பொருள் கைமாறிய கரையில் பின்பு செய்தி கைமாறியது.

பொருள் கைமாறினால், "இது எங்கத்தைச் சரக்கு?" என்று கேட்போம். செய்தி கைமாறும்போது அந்தக் கேள்வியை நாம் கேட்கிறோமா? இதை விளங்கிக்கொள்ள, பத்திரிகைத் தொழிலில் புழங்கும் சில சொற்களைப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

முதலாவது, சிண்டிகேட். எங்கட காதுக்கு இது நல்ல சொல் அல்ல. கேள்விப்பத்திரம் எடுக்கிற வியாபாரிகள் உள்ளுக்குள் விலை பேசி முடித்தால், "சிண்டிகேட் போட்டுட்டாங்கள்" என்கிறோம். 1969இல் இந்தியக் காங்கிரஸ் பிளவுபட்டபோது காமராஜர் இருந்த மூத்த தலைவர்கள் அணிக்கும் அதே பெயர்தான். சென்னைப் பல்கலைக்கழகத்திலோ அது கண்ணியமான ஆட்சிக்குழு. மூலம் கிரேக்கச் சொல்லான சிண்டிகோஸ்: வழக்கில் ஒருவருக்குத் துணையாக நின்று பேசுபவர். பிரெஞ்சு மொழியில் அது ஓர் ஊரின் அல்லது தொழிலின் பிரதிநிதியைக் குறித்து, பிறகு பிரதிநிதிகளின் சபையாகவும் தொழிற்சங்கமாகவும் விரிந்தது.

பத்திரிகைத் துறையில் இதற்குத் தனிப்பொருள் உண்டு. ஒரே கதையை, கட்டுரையை, சித்திரத்தைப் பல ஊர்ப் பத்திரிகைகளுக்குக் கட்டணம் வாங்கி வழங்குவது சிண்டிகேஷன். அமெரிக்காவில் சாமுவேல் மெக்ளூர் 1884இல் இதை ஒரு வியாபாரமாகவே நடத்தத் தொடங்கினார். தமிழில் நாம் வாசித்த ஃபாண்டம், மாண்ட்ரேக் சித்திரக்கதைகள் கிங் ஃபீச்சர்ஸ் சிண்டிகேட்டின் சரக்கு. அன்றாடச் செய்தியைத் திரட்டி விற்பது வேறு தொழில். அதைச் செய்வது செய்தி முகவர் நிறுவனம். இரண்டுக்கும் பொதுவானது ஒன்று: எழுதியவர் ஒருவர், அச்சிடுபவர் பலர்.

அரபியில் சிண்டிகேட்டுக்கு வழங்கும் சொல் நிகாபத். எகிப்தில் 1941இல் அமைந்த பத்திரிகையாளர் சங்கம் நிகாபதுஸ் ஸஹபிய்யீன். இதன் வேர் நகீப். ஹிஜ்ரத்துக்கு முன் அகபாவில் பைஅத் நடந்தபோது மதீனத்து மக்களிலிருந்து பன்னிரண்டு நகீப்கள் தெரிவானார்கள். கஸ்ரஜிலிருந்து ஒன்பது பேர், அவ்ஸிலிருந்து மூவர். தம் கூட்டத்தாருக்காகப் பேசவும் அவர்களுக்காகப் பொறுப்பேற்கவும் கடமைப்பட்டவர்கள் அவர்கள். செய்தி நிறுவனத்துக்கு அரபியில் வகாலத்துல் அன்பா என்று பெயர். வகாலத் எங்கட நிக்காஹ் மஜ்லிஸில் அன்றாடம் புழங்கும் சொல்தானே! வக்கீல் தன் பேச்சைப் பேசுவதில்லை. யாருக்காகப் பேசுகிறார் என்பதைச் சபையில் சொல்லிவிட்டுத்தான் பேசுகிறார். கிரேக்கச் சொல்லும் அரபுச் சொற்களும் ஒன்றையே கேட்கின்றன: பிறருக்காகப் பேசுபவன் யாருடைய வாய் என்று தெரிய வேண்டும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1850இலிருந்து கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை, காலிக்கு வரும் கப்பல்களின் ஐரோப்பியச் செய்தியைப் புறாக்கள் மூலம் கொழும்புக்கு எடுத்தது. 1858இல் தந்தி வந்ததும் புறாக்களுக்கு ஓய்வு. 1870இல் ரொய்ட்டர், பிரான்ஸின் ஹவாஸ், ஜெர்மனியின் வொல்ஃப் ஆகிய மூன்று நிறுவனங்களும் உலகைச் செய்திச் சந்தைகளாகப் பங்கிட்டுக்கொண்டன. பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் ரொய்ட்டரின் பங்கு. இலங்கையும் அதற்குள் அடக்கம்.

1882இல் எகிப்தில் ஆங்கிலேயர் போர் தொடுத்தார்கள். அந்தப் போரின் செய்தி ஆங்கிலேயரின் கம்பி வழியே இலங்கைக்கு வந்தது. அதில் அராபி பாஷா ஒரு கலகக்காரர். அந்த ஆண்டு டிசம்பரில்தான் அறிஞர் சித்திலெப்பை முஸ்லிம் நேசனைத் தொடங்கினார். அடுத்த மாதமே அராபி பாஷா நாடு கடத்தப்பட்டுக் கொழும்பில் கரையிறங்கினார். தந்தி யாரைப் பற்றிப் பேசியதோ அவரே எங்கட சனத்துக்கு முன்னால் வந்து நின்றார். அவரோடு கூடிப் பழகி, கல்விப் பணியில் அவரைச் சேர்த்துக்கொண்டார் சித்திலெப்பை. முகவர் சொன்ன கபருக்கும் உரியவர் வாயால் கேட்கும் கபருக்கும் உள்ள தூரத்தை அந்தத் தலைமுறை கண்ணால் கண்டது.

இதிலிருந்து ஆய்வாளருக்கு ஒரு பாடம் உண்டு. பழைய பத்திரிகைகளைப் புரட்டுகிறவர், ஒரே சம்பவம் ஐந்து பத்திரிகைகளில் வந்திருப்பதைக் கண்டு, "ஐந்து சாட்சிகள்" என்று எழுதிவிடுகிறார். ஐந்தும் ஒரே தந்தியின் பிரதியாக இருந்தால் சாட்சி ஒன்றுதான். ஹதீஸ் கலையில் இது பால பாடம். பல வழிகளில், பொய்யாகக் கூடிப்பேச முடியாத அளவு பலரால் அறிவிக்கப்பட்டால் முதவாதிர். அந்த அளவை எட்டாதது ஆஹாத். எத்தனை ஏட்டில் எழுதியிருக்கிறது என்பது கணக்கல்ல. ஸனத் எங்கே போய்ச் சேருகிறது என்பதே கணக்கு. செய்தியின் தலையில் ஊர், தேதி, நிறுவனப் பெயர் என்று ஒரு சின்ன வரி இருக்குமே, அதுதான் பத்திரிகையின் ஸனத். வெட்டி ஒட்டுகிறவர்கள் முதலில் வெட்டுவதும் அதைத்தான்.

மாதோட்டக் கரைக்கு இது ஏட்டுச் சங்கதி அல்ல. 1990 ஒக்டோபரின் கடைசியில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர். மன்னார் மாவட்டத்தில்தான் தொகை அதிகம். தீவிலிருந்தவர்கள் வள்ளங்களில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள். அரச ஏடுகளிலும் உதவி நிறுவனங்களின் அறிக்கைகளிலும் இவர்களுக்குக் கிடைத்த பெயர் "இடம்பெயர்ந்தோர்". போரால் ஓடியவருக்கும் விரட்டப்பட்டவருக்கும் ஒரே சொல். அந்தச் சொல்லில், விரட்டியவர் யார் என்பது இல்லை. ஒருவர் எழுதியதைப் பலர் அச்சிட்டால் அவருடைய சொல்லே எல்லாருடைய சொல்லாகிவிடும். பலவந்த வெளியேற்றம் என்ற சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது பாதிக்கப்பட்ட சனம்தான். 2011இல் வெளியான குடிமக்கள் ஆணைக்குழுவின் அறிக்கை அந்தச் சனத்தின் வாக்குமூலங்களைக் கேட்டு எழுதப்பட்டது. வேறு வேறு ஊர்களின் வெவ்வேறு வாய்கள் ஒன்றையே சொல்லும்போது, அது பிரதிகளின் பெருக்கம் அல்ல, சாட்சிகளின் பெருக்கம்.

1990இல் நின்றுபோன தலைமன்னார் ரயில் 2015 மார்ச்சில் திரும்பவும் ஓடத் தொடங்கியது. பாதையைப் பிறகும் போட்டுக்கொள்ளலாம். போன வாயை மீட்க முடியாது. வெளியேற்றத்தின்போது நடுவயதில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிக்கொண்டிருக்கிறார்கள். எருக்கலம்பிட்டியிலும் முசலியிலும் புத்தளத்துக் குடியிருப்புகளிலும் மிச்சமிருப்பவர்களின் வார்த்தையை, சொன்னவர் யார், எப்போது, எங்கே வைத்து, யார் கேட்டு எழுதினார் என்ற வரியோடு பதிந்துவைக்க வேண்டும். அந்த வரி இல்லாமல் போனால், இன்னும் ஐம்பது வருடத்தில் எங்கட பிள்ளைகள் தங்கட ஊரின் கதையை வேறு யாரோ ஒருவரின் பிரதியில்தான் வாசிக்க வேண்டிவரும்.