பிரிண்ட்கே: கெர்னலின் குரல் வந்த கதை

வைகை அணையில் நீர் 66 அடியைத் தொட்டால் கரையோர மக்களுக்கு முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. ஆண்டிபட்டிப் பக்கத்து நண்பர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இதே மாதிரி ஏற்பாடு கணிப்பொறிக்குள்ளும் உண்டு. மலருக்குக் கட்டுரை கேட்டதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

1991-ல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் 0.01-லேயே 'பிரிண்ட்கே' இருந்தது. நாம் முதலாண்டில் படித்த பிரிண்ட்எஃப் கெர்னலுக்குள் செல்லாது; சி நூலகம் அங்கே கிடையாது. ஆகவே கெர்னல் பேச தனியாக ஒரு வாய். பிற்பாடு செய்திகளுக்கு 0 முதல் 7 வரை எட்டுத் தரங்கள் வந்தன. 0 என்றால் எல்லாம் விழப்போகிறது. 7 என்றால் பிழை தேடுபவனுக்கான பொடி விவரம். இந்தத் தரப்படுத்தல், 1980-களில் எரிக் ஆல்மன் சென்ட்மெயிலுக்காக எழுதிய சிஸ்லாக்கின் வழிவந்தது.

அப்புறம் சுருக்கெழுத்துகள் வந்தன: 'பிஆர்_இன்ஃபோ', 'பிஆர்_எர்' என்று. எச்சரிக்கைக்கு மட்டும் 'பிஆர்_வார்னிங்', 'பிஆர்_வார்ன்' என ஒரே வேலைக்கு இரண்டு பெயர். நம்ம ஊரில் ஒரே ஆளுக்கு வீட்டுப் பேர், பள்ளிக்கூடத்துப் பேர் இருப்பது மாதிரி! கோப்பு கோப்பாக மாற்றி, நீளமான பெயரை ஒருவழியாக நீக்கிய லினக்ஸ் 5.5 வெளிவந்தது 2020 ஜனவரியில்.

இம்மாதிரித் துப்புரவில்தான் புதியவர்கள் பலரும் கைப்பழகுகிறார்கள். பழைய பிரிண்ட்கே-யைக் கண்டால் 'செக்பேட்ச்' என்ற கருவியே மாற்றச் சொல்லும். எங்கள் அலுவலகத்திலும் நம் கல்லூரித் தம்பி ஒருவன் ஒரு டிரைவரில் நாற்பது வரியை அப்படி மாற்றிக் கொண்டுவந்தான். பத்து வரி பார்த்தேன். மிச்சமும் அதே மாதிரிதானே என்று 'சரி' போட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து வாடிக்கையாளரிடம் ஒரு கருவி நின்றுபோனது. பதிவேட்டைத் திறந்தால், வேண்டிய இடத்தில் ஒரு வரிகூட இல்லை.

"அண்ணே, பேரை மட்டும்தானே மாத்துனேன்?" என்றான். பாவம், முகமே வாடிப்போச்சு.

பெயர் மட்டும் இல்லை. 7-ஆம் தரப் பிரிண்ட்கே எப்போதும் பதிவேட்டில் விழும். அதற்குப் பதில் போட்ட 'பிஆர்_டிபக்' அப்படியல்ல. அதற்கான அமைப்பை இயக்காமல் தொகுத்தால், அந்த வரி கெர்னலுக்குள்ளேயே இருக்காது. 'டைனமிக் டிபக்' வசதியோடு தொகுத்தாலும், நாமாகத் திறந்துவிடும்வரை வாய் திறக்காது. மதகு இருக்கிறது, ஷட்டர் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். கருவி சொன்னதைத்தான் அவன் செய்தான். நாற்பதையும் பார்க்க வேண்டியவன் நான்.

அன்று ராத்திரி இருவரும் உட்கார்ந்து நாற்பதையும் ஒவ்வொன்றாகப் படித்தோம். முப்பத்து மூன்று சரி. ஏழு வரியைப் பழைய பிரிண்ட்கே-க்கே திருப்பி, ஏன் திருப்பினோம் என்று பக்கத்திலேயே ஒரு குறிப்பும் எழுதி வைத்தோம். அந்தக் குறிப்பைத் தம்பிதான் எழுதினான்.