தமிழ் எழுத்து வடிவங்களில் கோடும் வெற்றிடமும்

தமிழ் வரிவடிவ வரலாறு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் எழுத்தின் கோடுகளையே சார்ந்து அமைகின்றன. அக்கோடுகள் சூழ்ந்து நிற்கும் வெற்றிடமும் எழுத்தின் ஓர் உறுப்பே என்பதை விளக்க இக்கட்டுரை முற்படுகிறது. னகரத்தை 'இரண்டு சுழி' என்றும் ணகரத்தை 'மூன்று சுழி' என்றும் வகுப்பறையில் சுட்டுவது நாம் நன்கறிந்த வழக்கு. சுழி என்பது கோடு வளைந்து தன்னுள் அடக்கிக்கொண்ட வெற்றிடமேயாகும்.

பனையோலையில் எழுத்தாணியால் கீறப்படும் கோடு மெல்லியது. ஏறத்தாழ ஒரே தடிப்புடையது. மை தடவிய பின்னரே தெளிவாகப் புலப்படுவது. சொற்களுக்கிடையே இடைவெளி விடும் வழக்கமும் பெரும்பாலும் இல்லை. எனவே ஏட்டின் தெளிவு சுழிகளின் சீரான அளவையும் எழுத்துகளுக்கிடையே விடப்பட்ட ஒத்த இடத்தையும் பொறுத்திருந்தது. ஓலை கிழியும் என்னும் அச்சத்தால் வட்ட வடிவங்கள் தோன்றின என்பர். க, ட, ப முதலியவற்றில் நேர்க்கோடுகள் நிலைத்துள்ளமையால், அவ்விளக்கம் மட்டும் போதாது எனக் கருதுகிறோம்.

தொல்காப்பியம் மெய்யெழுத்துகளுக்கும் எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளி விதித்தது. சுவடிகளிலோ அப்புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவில் எழுதப்பட்டன. படிப்போர் சூழல் கொண்டே பொருளுணர வேண்டியிருந்தது. பாடவேறுபாடுகள் தோன்ற இதுவும் ஒரு காரணமாயிற்று. வீரமாமுனிவர் (1680–1747) செய்ததாகக் கூறப்படும் சீர்திருத்தம் இவ்விடர்ப்பாட்டின் ஒரு பகுதியை நீக்கியது. கொம்பின் தலையை மேலே சுழித்ததும், ஒகரத்தின் அடியில் சுழி சேர்த்ததும் நெடிலுக்கு அடையாளமாயின. ஒலி வேறுபாட்டை ஒரு சிறு வெற்றிடம் தாங்கி நின்றது எனலாம்.

அச்சுக்கலை இச்சிக்கலை வேறு வகையில் எழுப்பியது. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாயிற்று. 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் தரங்கம்பாடியை அடைந்தன. அவை அளவிற் பெரியனவாதலின் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. 1715இல் புதிய ஏற்பாடு நிறைவுற்றது. அச்சு மை தாளில் சற்றே பரவும் இயல்புடையது. எழுத்து சிறுக்குந்தோறும் சுழி அடைபடும் வாய்ப்பும் மிகும். ஆகவே, தமிழ் எழுத்தை எவ்வளவு சிறிதாக்கலாம் என்பதைச் சுழியின் வெற்றிடமே வரையறுத்தது.

1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் 13 எழுத்துகளின் வடிவை மாற்றியது. ணை, லை, ளை, னை ஆகியவற்றில் மெய்யோடு பிணைந்திருந்த துதிக்கை போன்ற குறி நீங்கி, தனித்து நிற்கும் குறி வந்தது. எழுத்தின் உள்ளே அடங்கியிருந்த வெற்றிடம் இரு குறிகளுக்கிடைப்பட்ட இடைவெளியாயிற்று. கற்போர்க்கு இஃது எளிமை தந்தது. எனினும் பழைய அச்சு நூல்கள் இன்றைய மாணவர்க்கு அயன்மையாயின.

இவ்வரலாறு மொழியாசிரியர்க்கு ஒரு கடமையை உணர்த்துகிறது. 'நிலம்' 'நீலம்' ஆவதும், 'மணம்' 'மனம்' ஆவதும் ஒரு சுழியின் கூடுதல் குறைவால் நிகழ்வன. மாணவர் கையெழுத்தில் சுழி அடைபட்டால் நாம் அதனை எழுத்துப்பிழை எனக் குறித்துவிடுகிறோம். அம்மாணவர் சொல்லை அறிந்தே எழுதியிருக்கலாம். கோட்டை வரையக் கற்பிக்கும்போதே அக்கோடு காக்க வேண்டிய வெற்றிடத்தையும் சுட்டிக்காட்டுதல் வேண்டும். ஆசிரியர் பயிற்சியில் கையெழுத்துப் பாடம் இவ்வகையில் மறுசீரமைக்கப்படுதல் நலம்.