தேய்ந்த முகங்கள்

சோழர் காசு மட்டும்தான் சேர்ப்பேன் என்று பிடிவாதமாக இருந்தேன். செய்யாற்றங்கரை மாகறல்காரனுக்கு வெளிநாட்டுக் காசு எதுக்கு?

தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி 1994இல் ஒரு நூல் வெளியிட்டார். கரூரிலும் மதுரையிலும் கிடைத்த பிற்கால ரோமானியச் செம்புக் காசுகளைப் பற்றியது. பொ.ஆ. 4, 5ஆம் நூற்றாண்டுச் சரக்கு. ரோமானியத் தங்கத்தைப் பானையில் போட்டுப் புதைத்தார்கள். இந்தச் செம்போ விரல் நகமளவுதான். கைமாறிக் கைமாறிப் பேரரசர் முகமே தேய்ந்துவிட்டது. இங்கே சந்தைச் சில்லறையாகவே புழங்கியிருக்கணும்.

இதே வகைக் காசு இன்று சில நூறு ரூபாய்தான். முகம் தெரியாததால் மலிவு. எனக்கு அந்தத் தேய்மானம்தான் வேணும். ஒன்று வாங்கி ராஜராஜன் காசுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். 'வெளிநாடு' என்று தனி ஆல்பம் போட மனசு வரலை.