டூப்ளிகேட் என்று சொல்வதற்கு முன்னால்

இது கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

நம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் 'டூப்ளிகேட்' என்றால் ஒரே பொருள்தான்: ஏமாற்று. 'ஜப்பான்' என்ற சொல்லுக்கோ இரண்டு பொருள் இருந்தது. என் தாத்தா வாயில் 'ஜப்பான் சாமான்' என்றால் மலிவு, சீக்கிரம் உடைந்துபோகும் என்று அர்த்தம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பர்மா பஜாரில் ஒரு பொருளின் அடியில் 'மேட் இன் ஜப்பான்' என்று இருந்தால் அதற்கு மேல் கேள்வி கிடையாது. ஒரு நாட்டின் பெயர் ஒரு தலைமுறைக்குள் வசவிலிருந்து பாராட்டாக எப்படி மாறியது? ரேடியோவை வைத்துச் சொல்லலாம், கேமராவை வைத்தும் சொல்லலாம். இன்று எலெக்ட்ரிக் கிட்டாரை வைத்துச் சொல்கிறேன். காரணம், ஒரு பழைய மாணவர் கேட்ட கேள்வி.

அவருடைய அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர். ஷிஃப்ட் முடிந்தால் மெல்லிசைக் குழுவில் கிட்டார். ஆடி மாதம் அம்மன் கோயில் கச்சேரி, மார்கழியில் சர்ச்சில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி என்று வாசித்தவர். கப்பலில் வேலை பார்த்த மைத்துனர் மூலம் ஒரு கிட்டார் வாங்கி, கடைசி வரை கண்ணுக்குக் கண்ணாக வைத்திருந்தார். அவர் காலமான பிறகு பிள்ளை அதைப் பரணிலிருந்து இறக்கி ஒரு கடையில் காட்டியிருக்கிறார். "உருவம் கிப்சன் மாதிரி இருக்கு, பேரு கிரெகோன்னு இருக்கு. ஜப்பான் டூப்ளிகேட்" என்று சொல்லி, ஏதோ ஒரு சில்லறை விலையும் சொல்லியிருக்கிறார்கள்.

"விலை போனா போகட்டும் சார். அப்பா ஏமாந்துட்டாரா, அதை மட்டும் சொல்லுங்க" என்றார் அவர்.

எனக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆனால் காந்தம், கம்பிச்சுருள், அலைநீளம் எல்லாம் முப்பது வருஷம் போர்டில் எழுதியவன். அதனால் கொஞ்சம் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் மூலம் எது என்று பார்ப்போம். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர் லியோ ஃபெண்டர். கெட்டியான மரப்பலகையில் கிட்டார் செய்து 1950ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதுதான் பிறகு டெலிகாஸ்டர் ஆனது. 1954ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது. போட்டிக் கம்பெனியான கிப்சன் 1952ல் லெஸ் பால் என்ற மாடலை விட்டது. உலகம் முழுக்க இன்றுவரை காப்பியடிக்கப்படுவது பெரும்பாலும் இந்த மூன்றும்தான்.

இதன் உள்ளே இருக்கும் இயற்பியல் நம் பத்தாம் வகுப்புப் பாடம்தான். கம்பிக்குக் கீழே காந்தம், காந்தத்தைச் சுற்றி மெல்லிய தாமிரக் கம்பிச்சுருள். எஃகுக் கம்பி அதிர்ந்தால் காந்தப்புலம் மாறும்; சுருளில் மின்னோட்டம் தூண்டப்படும். ஃபாரடே கண்டுபிடித்தது. ஒரே சுருள் இருந்தால், சுற்றியுள்ள மின்சாரத்தின் 'ம்ம்ம்' என்ற இரைச்சலையும் சேர்த்துப் பிடித்துவிடும். இரண்டு சுருளை எதிரெதிராக இணைத்தால் இரைச்சல் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், கம்பியின் ஒலி மட்டும் நிற்கும். கிப்சனில் சேத் லவர் என்ற பொறியாளர் செய்த வேலை இது. 1957லிருந்து லெஸ் பாலில் வந்தது.

இன்னொன்று, விரல் வைக்கும் இடம். வீணையில் மெட்டு என்கிறோமே, கிட்டாரில் அதை ஃப்ரெட் என்பார்கள். கம்பியின் நீளத்தை 17.817 ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட் எங்கே என்று வரும். மீதி நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் இரண்டாவது. ஸ்ட்ராட்டோகாஸ்டரில் கம்பி 25.5 அங்குலம், அதனால் முதல் ஃப்ரெட் சுமார் 1.43 அங்குலத்தில் விழும். பன்னிரண்டாவது சரியாக நடுவில் வரும். ஃப்ரெட் சற்று விலகினாலும் சுருதி போய்விடும்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், கிட்டாரின் உருவத்தைக் கண்ணால் பார்த்தே காப்பியடித்துவிடலாம். சுருதியைக் கண்ணால் காப்பியடிக்க முடியாது. கணக்கு புரிய வேண்டும், மரம் காய வேண்டும், கை பழக வேண்டும்.

இனி ஜப்பானுக்குப் போவோம். ஹமாமட்சு ஊரில் டொரகுசு யமாஹா என்பவர் 1887ல் ஒரு பள்ளிக்கூடத்து ஆர்கனை ரிப்பேர் செய்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து, தானே ஒன்று செய்தார். இன்றைய யமாஹா கம்பெனியின் தொடக்கம் அதுதான். அதே ஊரில் 1947ல் தொடங்கியது டோக்காய். நகோயாவில் ஒரு புத்தகக் கடையின் வாத்தியப் பிரிவாக 1908ல் ஆரம்பித்தது ஹோஷினோ. அவர்கள் பிற்பாடு விற்ற கிட்டார்தான் இபனேஸ். மலைப் பிரதேசமான நகானோவில் மட்சுமோட்டோ என்ற ஊர். அங்கே தையல் மெஷினுக்கு மரப்பெட்டி செய்துகொண்டிருந்த மட்சுமோகு என்ற கம்பெனியும் கிட்டாருக்கு மாறியது. 1960ல் அதே ஊரில் ஃபூஜிஜென் தொடங்கியது. இபனேஸ், கிரெகோ பெயர்களில் வந்த கிட்டார்களில் பெரும்பகுதி இவர்கள் கைவேலை.

1970களின் தொடக்கத்தில் இவர்கள் செய்த லெஸ் பால் நகல்கள் பார்வைக்கு மட்டும்தான் லெஸ் பால். மூலத்தில் கழுத்து உடம்போடு பசை வைத்து ஒட்டப்பட்டிருக்கும். நகலில் போல்ட்டு போட்டு முடுக்கியிருப்பார்கள். மேல் பலகை பல சமயம் பிளைவுட், அடியில் வெற்றிடம். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதிய விடைத்தாள் மாதிரி: எழுத்து சரி, பொருள் தெரியாது.

நாலைந்து வருஷத்தில் நிலைமை மாறியது. கழுத்தை ஒட்டினார்கள், மரத்தைக் கெட்டியாக்கினார்கள். 1970களின் கடைசியில் டோக்காயும் கிரெகோவும் 1950களின் பழைய அமெரிக்கக் கிட்டார்களை அளவெடுத்து அதேபோல் செய்தார்கள்.

அந்த நேரத்தில் அமெரிக்காவில் என்ன நடந்தது? ஃபெண்டர் கம்பெனியை 1965ல் சி.பி.எஸ். என்ற ஒலிபரப்பு நிறுவனம் 1.3 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. கிப்சனும் நார்லின் என்ற நிறுவனத்தின் கையில். கழுத்தை உடம்போடு பிடித்த நான்கு ஸ்குரூவை ஸ்ட்ராட்டோகாஸ்டரில் 1971ல் மூன்றாக்கினார்கள். லெஸ் பாலின் உடம்பைப் பல துண்டுகளை அடுக்கி ஒட்டிச் செய்தார்கள். ஆக, மூலக் கம்பெனி தன் பழைய பாடத்தை விட்டு விலகிக்கொண்டிருந்தபோது, நகல் எடுத்தவர்கள் அதே பாடத்தை வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தார்கள்.

1977 ஜூன் மாதம் நார்லின் வழக்குப் போட்டது. இபனேஸின் அமெரிக்க விநியோகஸ்தரான எல்ஜர் கம்பெனி மீது, பிலடெல்பியா நீதிமன்றத்தில். கிட்டாரின் தலைப்பகுதி, அதாவது திறந்த புத்தகம் போன்ற அந்த வளைவு, தங்களுடையது என்பது வழக்கு. 1978 தொடக்கத்தில் சமரசமானது. வேடிக்கை என்னவென்றால், வழக்கு வருவதற்கு முன்பே இபனேஸ் தலைப்பகுதியை மாற்றிவிட்டிருந்தது. இன்று சந்தையில் எந்தப் பழைய ஜப்பான் கிட்டாரையும் 'வழக்கு கிட்டார்' என்று சொல்லி விலை ஏற்றுகிறார்கள். வழக்கு ஒன்றுதான், ஒரு விநியோகஸ்தர் மீதுதான். யாராவது அப்படிச் சொல்லி விற்க வந்தால் உஷார்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். 1982ல் ஃபெண்டரே ஜப்பானில் இரண்டு வியாபார நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து ஃபெண்டர் ஜப்பானைத் தொடங்கியது. கிட்டார் செய்து கொடுத்தது யார்? அதே ஃபூஜிஜென். கூட்டாளிகளில் ஒன்று கிரெகோ பெயரின் உரிமையாளரான கான்டா ஷோகாய். 1985ல் சி.பி.எஸ். ஃபெண்டரைக் கைகழுவியது. கம்பெனியில் இருந்தவர்களே சேர்ந்து 1.25 கோடி டாலருக்கு வாங்கினார்கள். இருபது வருஷத்துக்கு முன் கொடுத்ததைவிடக் குறைவு! ஃபுல்லர்டன் தொழிற்சாலை அந்த விற்பனையில் சேரவில்லை. புதுத் தொழிற்சாலை எழும்பும் வரை கடைகளில் ஃபெண்டர் பெயரில் நின்றவை பெரும்பாலும் ஜப்பானில் செய்தவை. நகல் எடுத்த கைதான் மூலத்தின் பெயரைக் காப்பாற்றிக் கொடுத்தது.

நமக்கு இது புதிதா என்ன? 1951ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலை வந்தது. ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. எல்லாம் இங்கிலாந்துப் பெயர்கள், ஓட்டியதும் செய்ததும் நம் ஆட்கள். 1955ல் என்ஃபீல்டு இந்தியா உருவானது. திருவொற்றியூரில் புல்லட் செய்தார்கள். இங்கிலாந்தில் ரெட்டிச் தொழிற்சாலை 1967ல் மூடப்பட்டது, 1970ல் அங்கே உற்பத்தியே நின்றது. 1977ல் நம் மெட்ராஸ் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது.

ஒரு வித்தியாசத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. நம் சைக்கிளும் புல்லட்டும் அனுமதி வாங்கிச் செய்தவை. ஜப்பான் கிட்டார்கள் ஆரம்பத்தில் அனுமதி வாங்காதவை. அது சரி என்று நான் வாதாட மாட்டேன். தன் உருவத்தை எடுத்தால் கிப்சனுக்குக் கோபம் வருவது நியாயம். கிரெகோவின் எழுத்தைக்கூட கிப்சன் எழுத்தின் சாயலில், 'கினெகோ' என்று தப்பாகப் படிக்கும்படி வளைத்திருந்தார்கள். அது கொஞ்சம் குறும்புதான். ஆனாலும் தலையில் போட்டது சொந்தப் பெயர். அடுத்தவர் பெயரை ஒட்டி விற்பது மோசடி. அடுத்தவர் வேலையைப் பார்த்துக் கற்றுத் தன் பெயரில் விற்பது வேறு. இரண்டுக்கும் நாம் 'டூப்ளிகேட்' என்று ஒரே சொல்லை வைத்திருப்பதுதான் சிக்கல்.

அந்த மாணவரிடம் கிட்டாரைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். கழுத்து ஒட்டியிருக்கிறது, போல்ட்டு இல்லை. "அப்படின்னா உங்க அப்பா ஏமாறலைப்பா. தினம் மைக்ரோமீட்டர் பிடிச்ச கை அது. என்ன வாங்குறோம்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றேன். கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "விக்கல சார்" என்றார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கலாம். கல்கத்தா கிவ்சனாக இருந்தாலும் சரி, ஜப்பான் கிட்டாராக இருந்தாலும் சரி, பழைய பாகங்களைக் கழற்றி எறியாதீர்கள். ஒரே கடை சொன்ன விலையை நம்பாதீர்கள். ஜப்பான் என்பதற்காகவே எல்லாம் உசத்தியும் அல்ல. கழுத்தின் இணைப்பையும் ஃப்ரெட்டின் சுருதியையும் வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டிக் கேளுங்கள்.

எஸ்டேட்டில் அடுத்தவர் டிராயிங்கைப் பார்த்து வாழ்நாள் முழுக்கப் பாகம் கடைந்த அப்பாக்களின் பிள்ளைகள் உங்களில் நிறையப் பேர். அந்த வேலையில் ஒரு பொருளாவது வீட்டில் மிச்சமிருந்தால் படம் எடுத்துக் கீழே போடுங்கள். யார் செய்தது என்று பெயரையும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்