பிறை நிலவும் பிறை வெள்ளியும்

மூன்றாம் பிறையும் வெள்ளியும் மேற்கு வானில் அருகருகே நிற்கும் அந்திகள் ஆண்டுக்குச் சில வாய்க்கும். வெறுங்கண்ணுக்கு ஒன்று கீற்று, மற்றது பொட்டு. வெள்ளி நமக்கு நெருங்கி வரும் மாதங்களில், சூரியன் முழுக்க மறைந்த கையோடு பைனாகுலரை அதன் பக்கம் திருப்பினால் அந்தப் பொட்டும் குட்டிப் பிறையாகத் தெரியும். நன்றாக இருட்டிவிட்டால் கண் கூசும், உருவம் பிடிபடாது.

இரண்டும் சூரிய ஒளியில்தான் தெரிகின்றன. சூரியனைப் பார்த்த பாதி எப்போதும் வெளிச்சம், மறுபாதி இருட்டு. அந்த வெளிச்சப் பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பொறுத்தே பிறையும் முழுமையும். பூமியின் நிழல் விழுந்துதான் நிலா தேய்கிறது என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. பூமியின் நிழல் சூரியனுக்கு எதிர்த்திசையில் நீள்வது. வெள்ளியோ நம்மைவிடச் சூரியனுக்கு அருகில் சுற்றுவது. அதன்மேல் நம் நிழல் விழ வழியே இல்லை. ஆனாலும் வெள்ளி தேய்கிறது.

வேறுபாடு, எது எதைச் சுற்றுகிறது என்பதில் தொடங்குகிறது. நிலா நம்மைச் சுற்றுவதால் சூரியனுக்கு நேர் எதிரே போய் நிற்க முடியும்; அதுதான் பௌர்ணமி. வெள்ளி நம் பார்வையில் சூரியனை விட்டு சுமார் 47 பாகைக்கு மேல் விலகுவதில்லை. அது முழுவட்டமாவது சூரியனுக்கு அப்பால், சுமார் 26 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கும்போது. மெல்லிய பிறையாகும்போது தொலைவு 4 கோடி கிலோமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடும். அதனால் வெள்ளி தேயத் தேயப் பெரிதாகிறது, ஏறத்தாழ ஆறு மடங்கு. நிலவின் தொலைவு அவ்வளவாக மாறுவதில்லை. அரைநிலவின் ஒளி பௌர்ணமி ஒளியில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். வெள்ளியோ வட்டத்தில் கால்பங்கு மட்டும் ஒளிரும்போதுதான் உச்சப் பிரகாசம் காட்டுகிறது.

எனக்கு இதைவிட வியப்பு, திசை தலைகீழாக இருப்பது. அந்தியில் தெரியும் பிறைநிலா வளர்பிறை. நாளுக்கு நாள் பருக்கும். அந்தியில் தெரியும் வெள்ளி வாரத்துக்கு வாரம் மெலியும். பிறகு சூரியனுக்கும் நமக்கும் இடையே புகுந்து கடந்து, விடிவெள்ளியாக எழுந்து வளரத் தொடங்கும். விடியலில் தெரியும் நிலாவோ தேய்பிறை. நிலவின் சுற்று இருபத்தொன்பதரை நாளில் முடிகிறது. வெள்ளிக்குச் சுமார் 584 நாள் வேண்டும்.

வெள்ளியின் கலைகளை கலீலியோ 1610-ன் கடைசி மாதங்களில் தொலைநோக்கியால் கண்டார். செய்தியை உடனே வெளிப்படையாகச் சொல்லாமல், எழுத்துகளை இடம் மாற்றிய ஒரு புதிர் வாக்கியமாக பிராகாவுக்கு அனுப்பி வைத்தார். முந்திக்கொள்ளப் போகிறார்களோ என்ற பதற்றம் மேதைகளுக்கும் உண்டு.

அன்றைய பெரிய வழக்கு, மையத்தில் இருப்பது பூமியா சூரியனா என்பது. நிலவின் கலைகள் அதில் எந்தக் கட்சிக்கும் உதவவில்லை; நிலா பூமியைச் சுற்றுகிறது என்பதில் பூமியை மையமாக வைத்த டாலமிக்கும் சூரியனை மையமாக வைத்த கோபர்நிகசுக்கும் தகராறு இல்லை. வெள்ளி விஷயம் வேறு. டாலமியின் அமைப்பில் அது என்றும் சூரியனுக்கு இந்தப் பக்கமே நிற்கும். அப்படியானால் முழுவட்டத்தை நெருங்கவே முடியாது. கலீலியோ அரைக்கு மேல் நிறைந்த வெள்ளியைப் பார்த்தார். டாலமியின் கட்சி அங்கே தோற்றது.

கோபர்நிகசின் கட்சி முழுதாக ஜெயித்துவிட்டது என்று பள்ளிப் பாடங்கள் அவசரப்படுவது சரியல்ல. கிரகங்கள் சூரியனைச் சுற்ற, சூரியன் பூமியைச் சுற்றும் என்ற டைகோ பிராகேயின் ஏற்பாட்டிலும் வெள்ளி இதே கலைகளைத்தான் காட்டும். பூமி நகர்வதற்கான நேரடிச் சான்று பிறகு நூறாண்டுக்கும் மேல் கழித்து, 1728-ல், ஜேம்ஸ் பிராட்லிக்குக் கிடைத்தது: டிராக்கோ மண்டலத்து விண்மீன் ஒன்று ஆண்டு முழுவதும் தன் இடத்தைவிட்டு மிகச் சிறிதளவு ஊசலாடுவதை அளந்து, அது பூமியின் ஓட்டத்தால் வருவதென்று அவர் கண்டுகொண்டார்.