வாவிக்கரை தந்த பேராசிரியர்

கல்குடாவிலிருந்து தெற்கே மட்டக்களப்பு நகரைக் கடந்து வருவோர் கல்லடிப் பாலத்தை அடைவர். அங்கே முழுநிலா இரவுகளில் வாவியின் அடியிலிருந்து மெல்லிய இசையொன்று எழும் என்பது இவ்வூர்வழக்கு. மீன் பாடுகின்றது என்பர் மக்கள். அவ்விசையை நீரரமகளிரின் பாடலாகக் கண்டு கவிதை புனைந்தவர் சுவாமி விபுலாநந்தர்.

1892ஆம் ஆண்டு காரைதீவிற் பிறந்த மயில்வாகனம், 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதரானார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். இலக்கணமும் பௌதிகமும் ஒருவரிடத்தே குடிகொள்ளுதல் அக்காலத்தில் அரிது. பட்டமும் பதவியும் காத்திருந்தபோது அவர் துறவை நாடினார். 1924இல் இராமகிருஷ்ண சங்கத்தில் விபுலாநந்தர் என்னும் பெயர் பூண்டார். பின்னர் இமயமலைச் சாரலில் மாயாவதியில் தங்கி, 'பிரபுத்த பாரத' என்னும் வேதாந்த இதழின் ஆசிரியராகவும் விளங்கினார்.

அவர் சார்ந்த துறவற சங்கம் கட்சி அரசியலில் ஈடுபடுவதில்லை. ஆகவே அவருடைய அரசியற் சிந்தனையை மேடைகளிலன்றி அவர் செயல்களிலே தேடுதல் வேண்டும். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானவர், பண்டிதர் பலர் பொருட்படுத்தாத பாரதியின் பாடல்களைக் கற்றோர் அவைக்குக் கொண்டுவந்தார். மாலை வேளைகளில் அருகிலிருந்த திருவேட்களம் சென்று, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு எழுத்தறிவித்தார். எல்லா உயிரும் ஒன்றே என்னும் வேதாந்தம், எழுத்தறியாதவன் வாசலுக்குச் செல்லாவிடின் வெறுஞ் சொல்லேயாகும் அன்றோ? 1929இல் கல்லடி உப்போடையில் அவர் நிறுவிய சிவானந்த வித்தியாலயமும் அந்நோக்கின் விளைவே.

1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் அவரே அமர்ந்தார். எனினும் அவருள்ளம் பல்லாண்டு தோய்ந்திருந்தது மறைந்துபோன யாழிலே. சிலப்பதிகாரம் கூறும் இசைக் குறிப்புகளைத் தமிழ்ப் புலமையால் உணர்ந்து, சுரங்களின் அளவைக் கணிதத்தாற் கண்டு, அவர் ஆக்கியதே 'யாழ் நூல்'. அது 1947 ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் நாள் அடிகளார் மறைந்தார்.

அவருடைய சமாதி சிவானந்த வித்தியாலய வளவிலேயே அமைந்துள்ளது. இரு பல்கலைக்கழகங்களில் முதற் பேராசிரியராயிருந்தவருக்குப் பள்ளிப் பிள்ளைகளின் குரல் கேட்கும் இவ்விடத்தினும் பொருத்தமான இடம் வேறில்லை.