சாட்சியா, காரணமா: மெலனோமாவும் குருதிப் புரதங்களும்

தோல் புற்றுகளில் மிகுதியாக உயிர்பறிப்பது மெலனோமா. அது பரவிய நோயாளியின் குருதியில் சில புரதங்கள் கூடுகின்றன என்பது பழைய செய்தி. கூடிய புரதம் நோயை வளர்க்கிறதா, நோய் வளர்ந்ததால் கூடியதா என்பதே கேள்வி. இதைப் பிரித்தறியாத ஆய்வு நோயின் போக்கை முன்னறியலாம். மருந்துக்கு இலக்கு காட்டாது.

லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ் என்னும் எல்டிஎச் நொதியைப் பார்ப்போம். கட்டியின் செல்கள் சிதையும்போது அது குருதியில் கலக்கிறது. பரவிய மெலனோமாவில் அது உயர்ந்திருந்தால் ஆயுள் குறைகிறது. அதனால் அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக்குழுவின் நோய்நிலை வகைப்பாட்டின் 8ஆம் பதிப்பு, பரவிய நோயின் ஒவ்வோர் உட்பிரிவிலும் எல்டிஎச் அளவையும் குறிக்கச் சொல்கிறது. ஆயினும் ஊசியில் இரத்தத்தை வேகமாக இழுத்தாலே சிவப்பணுக்கள் உடைந்து, பிளாஸ்மா செந்நிறமாகி, எல்டிஎச் ஏறிவிடும். குருதியிலுள்ள எல்டிஎச் நடந்த சிதைவுக்குச் சாட்சி மட்டுமே.

குருதியை உறையவைக்க உதவும் புரதமான ஃபைப்ரினோஜன் அப்படியன்று. அதன் மரபணுவை நீக்கிய எலிகளின் சிரையில் மெலனோமா செல்களைச் செலுத்தியபோது நுரையீரலில் படிந்த புற்றுகள் வெகுவாகக் குறைந்தன. இரத்தத் தட்டணுக்களும் ஃபைப்ரினோஜனிலிருந்து உருவாகும் ஃபைப்ரினும் சேர்ந்து, தடுப்பாற்றலின் இயற்கைக் கொல்லி செல்களிடமிருந்து புற்றுச் செல்லைக் காக்கின்றன. புரதத்தை நீக்கினால் விளைவு மாறுகிறது. காரணம் என்று சொல்ல இதைவிட நேரான சான்று அரிது.

பிடி-எல்1 இரண்டு வேடமும் பூணுகிறது. மெலனோமா செல்கள் இப்புரதத்தை எக்சோசோம் என்னும் நுண்பைகளின் மேற்பரப்பில் ஏற்றிக் குருதியில் விடுகின்றன என்று 2018இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினர். அப்பைகள் கட்டிக்கு வெகு தொலைவிலும் தடுப்பாற்றலின் டி செல்களை ஒடுக்குகின்றன. டி செல்களை இந்த ஒடுக்கத்திலிருந்து விடுவிக்கும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தைத் தொடங்குமுன் நுண்பைகளின் பிடி-எல்1 மிகுந்திருந்தவர்களுக்கு மருந்து சரிவர வேலை செய்யவில்லை. தொடங்கிய சில வாரங்களில் இது ஏறியவர்களோ மருந்தால் பயன்பெற்றவர்கள்! விழித்தெழுந்த டி செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா, கட்டியை மேலும் பிடி-எல்1 வெளியிடத் தூண்டுவதே அதற்கு விளக்கம். எனவே எப்போது எடுத்த இரத்தம் என்று சொல்லாத பிடி-எல்1 அளவை நான் சான்றாக ஏற்கமாட்டேன்.

மனிதரில் காரணத்தைத் தேடப் பிறவி மரபணு வேறுபாடு உதவுகிறது. கட்டி தோன்றுமுன்பே அமைந்த அதைக் கட்டி மாற்ற முடியாது. கொழுப்பைச் சுமக்கும் அப்போலிப்போபுரதம் ஈ மூன்று வடிவங்களில் உண்டு. 2020இல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட ஆய்வில், ஈ4 வடிவ எலிகளில் மெலனோமா மெதுவாக வளர்ந்தது. ஈ2 வடிவ எலிகளில் விரைந்து பரவியது. ஈ4 உடைய நோயாளிகளும் ஈ2 உடையவர்களைவிட நீண்டநாள் வாழ்ந்தனர். அல்சைமர் நோய்க்கு வழிவகுக்கும் அதே ஈ4 இங்கே காக்கிறது. இப்புரதம் தடுப்பாற்றலைத் தூண்டுவதும் புற்றுச் செல்லின் ஊடுருவலைத் தடுப்பதும் முன்பே தெரிந்தவை. எலியும் மனிதரும் செயல்முறையும் ஒரே திசையைக் காட்டுவதால், எல்டிஎச்சுக்கு இல்லாத தகுதி இதற்குண்டு.

இத்தரவுகள் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினருடையவை. அவர்களிடம் வெயில் படும் தோலில் எழும் மெலனோமாவே மிகுதி. நம்மவரிடம் அது உள்ளங்காலிலும் நகத்தடியிலும் எழுவது கணிசம். அதே புரதங்கள் அங்கும் அவ்வாறே இயங்கும் என்று ஊகிக்க இடமில்லை. இந்நோயாளிகளைக் காணும் மருத்துவமனைகள், அவர்கள் ஒப்புதலுடன், முதல் மருந்துக்கு முன்பும் பின்பும் பிளாஸ்மாவை நாள் குறித்து உறையவைத்துச் சேமிக்க வேண்டும்.